சின்ன ரு

...கயிரு என்று எழுதுகிறவர் உலகத்தில் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தானா என்ன, சின்ன ருவும் பெரிய றுவும் இடம் மாறிப்போவது பாதிப் பேருக்கு இருக்கிற கோளாறுதானே, அதுவும் போனில், ஒற்றை விரலால், தேர்வில் தோற்ற எரிச்சலில் தட்டினால் எழுத்து எப்படி வேண்டுமானாலும் வந்து விழும்... இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்தப் புகாரை நான்காவது முறையாகப் படிக்கிறேன், டீ ஆறி ஏடு கட்டிவிட்டது, மணி மூன்றரை. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற வாரியத்தில் எனக்கு வேலை, வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தேர்வு எழுதியவர்கள் இந்தக் கேள்வி தப்பு, அந்த விடை தப்பு என்று அனுப்புகிற புகார்களைப் படித்து, கையேட்டோடு ஒத்துப் பார்த்து, ஒன்று 'மாற்றம் இல்லை' என்று மூட வேண்டும், இல்லையென்றால் 'நிபுணர் குழுவுக்கு' என்று தள்ளிவிட வேண்டும். இதைச் செய்ய எங்களில் நாலு பேர் இருக்கிறோம். புகார் அனுப்பியவர் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும், யார் புகார் யாரிடம் வரும் என்பதும் கணினியின் இஷ்டம். எட்டு வருடமாக எண்களைத்தான் பார்க்கிறேன், எந்த எண்ணுக்கும் ஒரு முகம் இருந்ததில்லை, இன்றைக்கு என்னவோ இந்த எண் என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

'கேள்வி 37. லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார், முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுத்த நாலு விடையிலும் சரியான விடை இல்லை. மெயின் சுவிட்ச், பிரேக், கயிரு எல்லாம் அப்புறம். முதலில் உள்ளே இருப்பவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் சுவிட்சை அணைத்தால் பயத்தில் அவரே கதவைப் பிடித்து இழுப்பார். சிரமத்துக்கு மன்னிக்கவும்.' அவ்வளவுதான் புகார். கீழே கணினி தன் பங்குக்குச் சேர்த்திருக்கிறது: விடை குறிக்கவில்லை. தேறவில்லை. குறைவு: ஒரு மதிப்பெண். ஒரே ஒரு மதிப்பெண்! சரியான விடை என்று நாங்கள் வைத்திருப்பது 'ஆ', மெயின் சுவிட்சை அணைப்பது, அதைத் தட்டித் தொலைத்திருந்தால் தேறியிருப்பார், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தட்டியிருந்தாலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்திருக்கும், அதுகூட இல்லாமல் காலியாக விட்டுவிட்டு வருகிற மனிதர் யாராக இருக்க முடியும்... கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் ரெண்டு தெரு திரும்பி நடக்கிற மனிதராகத்தான் இருக்க முடியும்.

ஆனால் என் வீட்டுக்காரர்தான் தேறிவிட்டாரே. மூன்று வாரத்துக்கு முன்னால் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, பாஸாயிட்டேன் என்றார், சாதாரணமாக, குழாயில் தண்ணி வருது என்கிற மாதிரி. பாப்பா துள்ளிக் குதித்து அட்டையில் ஒரு கிரீடம் வெட்டி அவர் தலையில் வைத்தாள், அது காதில் இடித்தது, ஆனாலும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கழற்றவில்லை. சர்டிபிகேட் எங்கேப்பா என்று அவள் கேட்டால் தபால்ல வரும் என்கிறார், இன்றைக்குவரை தபாலில்தான் வந்துகொண்டிருக்கிறது. நானும் ஒரு மடச்சி, இந்த வாரியத்திலேயே உட்கார்ந்துகொண்டு, சான்றிதழ்கள் தபாலில் போவது நின்று ஒரு வருடம் ஆகிறது என்று தெரிந்துகொண்டே, ஆமா ஆமா வரும் என்று தலையாட்டியிருக்கிறேன். ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றியதா, தோன்றியதைத் தட்டிவிட்டேனா? கிரீடத்தோடு சாப்பிட்ட முகத்தைப் பார்த்த பிறகு எதைக் கேட்பது. பத்தொன்பது வருடமாக லிஃப்டைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள், வருகிற ஆண்டிலிருந்து சான்றிதழ் இல்லாதவர்கள் தனியாக மெஷின் ரூமைத் திறக்கக்கூடாது என்று கம்பெனியில் எழுதி ஒட்டிவிட்டார்கள், இவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் பின்னால் இவரே டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதை நினைத்துத்தான் பொய் சொன்னாரா, இல்லை என்னை நினைத்தா... வாரியத்தில் வேலை பார்க்கிறவள் புருஷன் பெயிலாயிட்டான் என்று நாலு பேர் சொல்லக்கூடாது என்றா. கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது, ரெண்டும் ஒன்றாக வந்தால் எதற்கு முதலில் வழிவிடுவது என்று தெரியவில்லை.

இல்லை, வேறு யாராவதாக இருக்கும். 'கயிரு'வை விட்டுவிடலாம், ஆனால் அந்த 'நான் இங்கதான் இருக்கேன்'... அதை எப்படி விடுவது. போன வருடம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது அந்தக் குழாய் மாதிரியான மெஷினுக்குள் என்னைத் தள்ளினார்கள், அறைக்கதவு மூடுவதற்குள் இவர் வெளியிலிருந்து ஒரு சத்தம் போட்டார், நான் இங்கதான் இருக்கேன், கேக்குதா? நர்ஸ் கடுப்பாகி, சார், இது ஆஸ்பத்திரி, போய் உக்காருங்க என்றாள். அரைமணி நேரம் மெஷின் மண்டைக்குள் சுத்தியலால் அடித்தது, நான் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். திரும்பி வரும்போது ஏன் அப்படிக் கத்துனீங்க, மானமே போச்சு என்றதற்கு, யார் மாட்டினாலும் முதல்ல குரல் கொடுக்கணும், அப்புறம்தான் ஸ்பேனர் என்றார். வீட்டுக்கு வந்தால்கூட மாடிப்படியிலேயே நான்தான் என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுவார், வேற யாரு வரப்போறா என்று நான் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அந்தக் குரலை எட்டு வரிக்குள் அடைத்து, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று மூடிபோட்டு அனுப்பியிருக்கிறார். இவரேதான். என் ஆள்தான்.

சரி, இவர்தான், இப்போது என்ன செய்யப்போகிறாய்? திரையில் ஓரமாக ஒரு சின்னக் கட்டம், 'புகார் அளித்தவர் எனக்கு உறவினர்', அதில் டிக் போட வேண்டும், அதுதான் விதி. போட்ட நொடியே அவர் போனுக்குக் கடிதம் போகும், உங்கள் புகாரை முதலில் பார்த்தவர் உங்கள் உறவினர் என்பதால் வேறொருவருக்கு மாற்றப்பட்டுள்ளது என்று. வாரியத்தில் அவருக்கு எத்தனை உறவினர், நான் ஒருத்திதானே, தெரிந்துவிடும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். வேறொருவர் என்றால், உறவினர் புகார்கள் முறைவைத்துப் போகும், இந்த வாரம் மூன்றாவது மேஜை, எங்கள் கல்வெட்டு. பெயர் நாங்கள் வைத்ததுதான், மனிதர் ஒருமுறை விடை என்று செதுக்கிவிட்டால் மாற்றவே மாட்டார், பதினோரு வருடத்தில் இரண்டே இரண்டு கேள்விகளைத்தான் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார், அதில் ஒன்று கை தவறிப் போனது. டிக் போடாவிட்டால்? நானே 'நிபுணர் குழுவுக்கு' என்று அழுத்தினால்? யாருக்குத் தெரியப்போகிறது, எண்தானே, கயிறும் கயிருவும் என் ஒருத்திக்குத்தானே தெரியும். ஒரு விரல் வேலை. குழு கேள்வியை நீக்கி எல்லோருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்தால் அவர் பாஸ், தபாலில் வராவிட்டாலும் போனில் வரும், பாப்பா பிரிண்ட் எடுத்து ஒட்டுவாள், அவர் பொய்யும் மெய்யாகிவிடும், நான் எதையும் படிக்காத மாதிரி இருந்துவிடலாம். விரல் மௌஸின் மேல்தான் இருக்கிறது. பின்னால் என்றைக்காவது வெளியே வந்தால் சான்றிதழும் போகும், என் நாற்காலியும் போகும், அதைவிட, இவர் காலியாக விட்டுவிட்டு வந்த இடத்தை நான் திருட்டுத்தனமாக நிரப்பியதாக ஆகும்.

சும்மா, கையை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று, இதே முப்பத்தேழாவது கேள்விக்கு முன்பு புகார் ஏதும் வந்ததா என்று தேடினேன். ஒன்று இருந்தது. போன மாதம். வேறு ஏதோ எண், ஒரே வரி: 'உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டாமா?' தேறவில்லை, குறைவு: ஒரு மதிப்பெண். அதற்குக் கீழே, 'விடை கையேட்டின்படி சரி. மாற்றம் இல்லை.' எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிடம். மூடியவர்... நான். நினைவே இல்லை. அன்றைக்கு என்ன அவசரம், பல்லுக்கு டாக்டரைப் பார்க்கப் போன நாளா, வெறும் செவ்வாய்க்கிழமையா? கையேட்டை எடுத்து அந்தப் பாடத்தைத் திறந்தால், வரிசை எண் போட்ட படிகளில் முதலாவது மெயின் சுவிட்ச்தான், அதைப் பார்த்துத்தான் மூடியிருக்கிறேன், ஆனால் அதற்கும் மேலே, பக்கத்தின் தலையில், கட்டம் கட்டி, 'எந்த மீட்புக்கும் முன்னால் உள்ளே இருப்பவருடன் பேச்சுத் தொடர்பு ஏற்படுத்தவும்' என்று போட்டிருக்கிறது. கட்டம் கட்டியதை யார் படிக்கிறார்கள். கல்வெட்டு என்று இன்னொருவருக்குப் பெயர் வைத்தவள் நான். அந்த ஒரு வரிக்காரர் வீட்டிலும் யாராவது கிரீடம் வெட்டியிருப்பார்களோ, அவரும் தபால்ல வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பாரோ... அவருக்கு இந்த அறையில் பெண்டாட்டி இல்லை, அதனால் மூன்று நிமிடம், இவருக்கு ஒரு மணி நேரமாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: 'இதே கேள்விமேல் சென்ற மாதம் வந்த புகாரை நான் தவறாக மூடிவிட்டேன். கையேட்டில் கட்டத்துக்குள் உள்ள வரியைப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து மறுபடி பார்க்கவும்.' எழுதியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. இனி டிக். கல்வெட்டு கட்டத்துக்குள் இருப்பதைப் படிப்பாரா மாட்டாரா என்பது அவர் பாடு. டிக் போட விரலைக் கொண்டுபோய்... நின்றுவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் கடிதத்தை அனுப்பினால், அது உள்ளே ஆள் இருக்கும்போது சுவிட்சை அணைப்பது இல்லையா? இவ்வளவு நேரம் நாலு விடையில் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நாலிலும் இல்லை. மணி ஐந்தாகப் போகிறது. எழுந்து ஜன்னலோரம் போய் அவருக்குப் போன் போட்டேன். சொல்லு என்றார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலித்தது.

"எங்க இருக்கீங்க?"

"குழிக்குள்ள, லிஃப்டுக்குக் கீழ. ஏன், பாப்பாவுக்கு ஏதாவது?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல." குரலை உயர்த்தினேன், பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். "நான் இங்கதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது, மெதுவாக வைத்தார். எங்கேயோ தண்ணீர் சொட்டியது. உன்கிட்டயா வந்துச்சு என்றார். ம் என்றேன். "கோவமா?" "ஆமா. அதை வீட்டுல வெச்சுக்கலாம். இப்ப உங்களுக்கு ஒரு லெட்டர் வரும், பயந்துடாதீங்க. வேற ஆள்கிட்ட போகுது, அந்தாளு ஒரு மாதிரி, என்ன ஆகும்னு சொல்ல முடியாது." போகட்டும் என்றார், போகட்டும் விடு, குரலில் ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது, மூன்று வாரமாக இந்த மனிதர் நிமிர்ந்து நடந்ததெல்லாம் பாரத்தோடுதானா. பாப்பாகிட்ட நானே சொல்றேன் என்றார். வைக்கப்போனவர், காலைல உன் பையில சாமான் சீட்டு வெச்சேனே, வாங்கிட்டியா என்றார். இல்ல, வர்ற வழியில வாங்கறேன் என்றேன்.

டிக் போட்டேன். அந்த எண் என் பட்டியலிலிருந்து மறைந்தது. மூன்றாவது மேஜையில் கல்வெட்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், வழக்கத்தைவிட அதிக நேரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு, என்ன வாங்க வேண்டும் என்று அவருடைய சீட்டைப் பிரித்தேன். பல் பிரஷ் இரண்டு. பாப்பாவுக்கு ரப்பர். துணிக்கயிறு. பெரிய று, வளைவெல்லாம் சரியாக, பாப்பா சொல்வதெழுதும்போது எழுதுகிற மாதிரி அழுத்தி... பாப்பாவுக்கு இந்த வருடம் பள்ளியில் ரகர றகரம், தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதினார்களே, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்றல்லவா நினைத்தேன். கற்றுக்கொண்டுவிட்டார். எனக்கே தெரியாமல் கற்றுக்கொண்டுவிட்டார். அப்படியென்றால் நேற்று அனுப்பிய அந்தப் புகாரில் மட்டும் ஏன் சின்ன ரு... நாலு பேரில் வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் அது வெறும் எழுத்துப்பிழை, என் கையில் கிடைத்தால் மட்டும் அது அவர் குரல்...