என்னைத் தெரியாதா, ஓல்வென்?

ஓல்வென் பாஸ்கோவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாக்காளர் பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள், கதவைத் தட்டுவாள், ஆனால் "எங்களுக்குத்தானே ஓட்டு?" என்று மட்டும் கேட்கமாட்டாள். கூம் ஹெஸ்கன் என்ற அந்த வேல்ஸ் சுரங்க ஊரில் அது கேட்கக் கூடாத கேள்வி. நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கின தாத்தா, சங்கத்துக்குச் சந்தா கட்டின அப்பன் என்று மூன்று தலைமுறையாகச் சிவப்புக் கட்சிக்கே போட்ட குடும்பத்தைப் பார்த்து அப்படிக் கேட்பது, "நீ உன் அப்பனுக்குத்தான் பிறந்தாயா?" என்று கேட்ட மாதிரி. அதனால் அவள் மழையைப் பேசுவாள், முட்டிவலியைப் பேசுவாள், ரக்பி ஆட்டத்தில் நம் பையன்கள் மண்ணைக் கவ்வியதைப் பேசுவாள். கிளம்பும்போது, "அப்ப வியாழக்கிழமை பாப்போம்" என்பாள். அவர்களும், "என்னைத் தெரியாதா, ஓல்வென்?" என்பார்கள். பெயருக்கு நேரே 'நம்மவர்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான், அடுத்த வீடு.

நாற்பது வருஷமாக அவள் கணக்கு தப்பியதே இல்லை. வினையே அதில்தான் இருந்தது.

இந்தத் தடவை அவளுடைய மகள் மனோன் நின்றாள். தலைநகர் கார்டிஃபில் இருக்கிற வேல்ஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்தல். ஓட்டுப் போடுகிற முறையையே மாற்றித் தொலைத்திருந்தார்கள். தொகுதி பெரிது, இடம் ஆறு. ஆளுக்குப் போடுகிற ஓட்டெல்லாம் போயிற்று, இப்போது கட்சிக்குத்தான் போட முடியும். கட்சி வாங்குகிற ஓட்டுக்குத் தக்கபடி அதன் பட்டியலில் மேலிருந்து ஒருவரோ இருவரோ உள்ளே போவார்கள். சிவப்புக் கட்சிப் பட்டியலின் முதல் பெயர் ஏட்ரியன் வான். கார்டிஃபிலேயே வீடு கட்டிக்கொண்டு, கூம் ஹெஸ்கனுக்கு வழி கேட்டு வருகிற மனிதர். இரண்டாவது பெயர் மனோன். கட்சிக்கு இரண்டு இடம் கிடைத்தால் அவள் உறுப்பினர். ஒன்றோடு நின்றால் கையில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை. மனோன் பிசியோதெரபிஸ்ட். பிரசாரத்துக்காக இருந்த வேலையை விட்டிருந்தாள். ஜனவரியில் பிரிஸ்டலில் ஒரு ஆஸ்பத்திரி, பிரிவுக்கே தலைவியாக வா என்று கூப்பிட்டது. வரவில்லை என்று எழுத வைத்தது ஓல்வென்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறியா? ரெண்டாவது பேரு உன் பேருடி! நம்ம ஊரு ஒண்ணு போதும் உன்னைத் தூக்கிவிட. நான் இருக்கேன்ல?"

மனோன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஓல்வென் கேக் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் துண்டறிக்கைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தேர்தல் நாள் வியாழன். காலை ஏழு மணிக்கே இரண்டு கார் தயார், இரண்டிலும் சிவப்பு ரிப்பன் பூ. ஒன்றை ஓல்வென் ஓட்டினாள், மற்றதை அவள் புருஷன் இட்வல் ஓட்டினான். இட்வல் முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். முந்தின குளிர்காலத்தில் அவனுடைய அண்ணன் எம்லின் சமையலறைத் தரையில் விழுந்து, ஆம்புலன்ஸ் வரப் பதினோரு மணி நேரம் கிடந்து, அங்கேயே செத்துப்போனான். ஆஸ்பத்திரி விவகாரமெல்லாம் கார்டிஃப் அரசாங்கத்தின் கையில். அரசாங்கம் சிவப்புக் கட்சியின் கையில். இட்வல் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஓல்வெனும் கிளறவில்லை. புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தாள்.

முதல் சவாரி எண்பத்திரண்டு வயது மோரீன் ஆன்ட்டி. ஓல்வென் அவளைத் தூக்கி உட்காரவைத்து, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டு, ஜெபக்கூடத்தில் வைத்திருந்த வாக்குச்சாவடி வாசலில் இறக்கி, குளிர் காற்று படாமல் கழுத்துத் துண்டையும் சுற்றிவிட்டாள்.

"கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் வந்து நிக்கிறியே கண்ணு" என்றாள் மோரீன். "ஆம்புலன்ஸுக்கும் உன்னையே கூப்பிட்டுக்கலாம் போல."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வேணும் ஆன்ட்டி" என்று ஓல்வென் சிரித்தாள். உள்ளே தள்ளிக்கொண்டு போய் விட்டாள். கிழவி மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

நாள் முழுக்க இதே ஓட்டம். சாவடி வாசலில் நிற்கிற கட்சி ஆள் வந்தவர்களின் எண்ணைக் குறித்துத் தருவான்; ஓல்வென் பட்டியலில் அடித்துவிட்டு, வராதவர் வீட்டுக் கதவைப் போய் உலுக்குவாள். தூங்குகிறவனை எழுப்பினாள், துணி துவைக்கிறவளை இழுத்துவந்தாள், ஊன்றுகோலைத் தேடிக் கொடுத்தாள். இட்வலின் கார் எதிரே போகும்போதெல்லாம் உள்ளே பேச்சு களைகட்டியிருப்பது தெரியும். அவள் கார் மட்டும் ஏனோ அமைதியாக இருந்தது. பெரியவர்கள், காலை நேரம், களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். மதியத்துக்கு மேலும் அப்படித்தான் நினைத்தாள்.

இரவு ஏழு மணிக்கே மனோனுக்குப் போன் போட்டாள். "நம்மவர் நூத்தி அறுபத்து மூணு பேருல நூத்தி ஐம்பத்தெட்டு பேரு போட்டாச்சு! வேற எந்த ஊருலயாவது இப்படி உண்டான்னு கேளு அந்த வான்கிட்ட!"

எண்ணிக்கை மறுநாள் காலை, நகராட்சி விளையாட்டு அரங்கில். பக்கத்து நீச்சல் குளத்தின் குளோரின் நாற்றம் மூக்கை அரித்தது. முதலில் பெட்டிகளைத் திறந்து மொத்தம் எத்தனை சீட்டு என்று சரிபார்ப்பார்கள். அப்போது சீட்டுகள் முகம் மேலே தெரியத்தான் புரளும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிற கட்சிக்காரர்கள் கண்ணைத் தீட்டிக்கொண்டு, எந்தக் கட்சிக்கு எத்தனை என்று கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மைக்கில் முடிவு சொல்வதற்கு நாலு மணி நேரம் முன்பே அவரவர் விதி அவரவர் அட்டையில் ஏறிவிடும்.

ஜெபக்கூடத்துப் பெட்டியைக் கொட்டினார்கள். அவள் தெரு, அவள் சனம்.

முதல் ஐம்பது சீட்டில் சிவப்புக்கு ஒன்பது. 'கீழ்ப்பக்கத்துப் புது வீட்டுக்காரர்கள்' என்று ஓல்வென் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த ஐம்பதில் பதினொன்று. அதற்கடுத்து எட்டு. எதிர்க்கட்சிகளான பச்சைக்கும் வெளிர்நீலத்துக்கும் கோடு போட்டுக் கை வலித்தது. சிவப்புக்குப் போடவேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. அவள் பேனாவை இரண்டு முறை உதறினாள்.

"பேனாவை உதறாத, தாயி. மை இருக்கு, ஓட்டுதான் இல்ல."

பக்கத்தில் நின்றது குவிலிம், பழைய பள்ளிக்கூட வாத்தியார். ஆறு வருஷம் முன்புவரை சிவப்புக் கட்சியில் அவளோடு தோளோடு தோள் நின்று துண்டறிக்கை மடித்தவர். இப்போது சட்டையில் பச்சைப் பூ.

"உங்க வேலையைப் பாருங்க" என்றாள் ஓல்வென்.

"என் வேலையைத்தான் நேத்து நீ பாத்துட்டியே! மழையில நீயும் உன் வீட்டுக்காரனும் ஆளு ஆளா ஏத்திக்கிட்டு வந்து இறக்கினீங்க. நாங்க டீ குடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தோம். ஒரு நன்றியாவது சொல்லணும்ல?"

அவளுக்குக் காது மடல் கொதித்தது. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர் சொன்னது பொய் இல்லை. அந்த நூற்று ஐம்பத்தெட்டு பேரும் வீட்டிலேயே படுத்துத் தூங்கியிருந்தால்கூட மகளுக்குக் கொஞ்சம் நல்லது நடந்திருக்கும்.

மதியம் இரண்டரைக்கு அறிவித்தார்கள். பச்சைக்கு மூன்று, வெளிர்நீலத்துக்கு இரண்டு, சிவப்புக்கு ஒன்று. ஆறாவது இடம் மயிரிழையில் போயிற்று. ஏட்ரியன் வான் மேடைக்குப் போகிற வழியில் மனோனின் தோளைத் தட்டி, "அடுத்த தடவை கட்டாயம்" என்றார். மனோன் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஓல்வெனுக்குத் தெம்பில்லை.

அம்மாவும் மகளும் காரில் ஊர் திரும்பினார்கள். தெரு முனையில் மோரீன் ஆன்ட்டி சக்கர நாற்காலியில் வாசலுக்கே வந்து கையைக் காட்டினாள். ஓல்வென் கண்ணாடியை இறக்கினாள்.

"டிவியில பாத்தேன் கண்ணு. அழுதுட்டேன். தங்கமான பொண்ணு, அவளுக்குப் போயி இப்படி."

"ஆன்ட்டி, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

நாற்பது வருஷத்தில் முதல்முறை. கிழவி முகம் சிவந்தாள்.

"இது என்ன கேள்வி? தாயும் பிள்ளையும்னாலும் இதெல்லாம் கேக்கலாமா?"

"நான் வந்தப்ப 'என்னைத் தெரியாதா'ன்னீங்களே!"

"ஆமா, தெரியாதான்னுதான் கேட்டேன். போடுறேன்னு சொன்னேனா? முகத்துக்கு நேரா நின்னு, கழுத்துல துணியச் சுத்திவிடுறவகிட்ட இல்லைன்னு எப்படிம்மா சொல்றது? மனசு நோகுமே!" மோரீன் மூக்கைத் துடைத்தாள். "எட்டு மாசமா இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கல உங்காளுங்க. மனோனுக்குன்னா நான் ரெண்டு கையாலயும் போடுவேன். சீட்டுல அவ பேருக்கு எதுக்க கட்டம் எங்க இருந்துச்சு?"

வீட்டில் இட்வல் அடுப்பில் மாட்டிறைச்சி அடைத்த மாவுப் பண்டம் வைத்துவிட்டு, மேஜையில் மூன்று தட்டு போட்டிருந்தான். ஓல்வென் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மோசம் பண்ணிட்டாங்க, இட்வல். அத்தனை பேரும் கூடிப் பேசி வச்சு மோசம் பண்ணிட்டாங்க!"

"மோசம்லாம் இல்ல" என்றான் இட்வல். "என் வண்டியில ஏறினவங்க எல்லாரும் சொல்லிட்டுத்தான் போட்டாங்க."

"சொன்னாங்களா? யாருக்குப் போடுறோம்னு உன்கிட்டச் சொன்னாங்களா? தெரிஞ்சுமா ஏத்திக்கிட்டு வந்தே?"

"நடக்க முடியாதவங்க. வண்டி வேணும்னாங்க. ஏத்தினேன். முப்பது வருஷமா அதானே செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

அடுப்படியில் பண்டம் தீய ஆரம்பித்த வாசனை. யாரும் எழுந்திருக்கவில்லை. மனோன்தான் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நீங்க?"

இட்வல் மகளை நேராகப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"இல்லம்மா. போடல. எம்லின் அந்தத் தரையில கிடந்தது என் கண்ணை விட்டுப் போகல. பென்சிலை உன் பேருகிட்டக் கொண்டுபோனேன். கட்டம் கட்சிக்குத்தான் இருந்துச்சு."

ஓல்வென் மகள் பக்கம் திரும்பினாள். "பெத்த மகளுக்கே துரோகம்! பாத்தியாடி உன் அப்பனை? நீ பேசு, நல்லாக் கேளு அந்த மனுஷனை!"

மனோன் அப்பாவைக் கேட்கவில்லை. மார்பிலிருந்த சிவப்புப் பூவைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போனை எடுத்துப் பிரிஸ்டலுக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி, ஆள் இருந்தார்கள். அவள் தன் பெயரைச் சொன்னாள், ஜனவரிக் கடிதத்தைச் சொன்னாள், பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். "பரவாயில்லை. ரொம்ப நன்றி" என்று வைத்தாள்.

"பிப்ரவரியிலயே வேற ஆளை எடுத்துட்டாங்களாம்."

"போனாப் போகுது அந்த வேலை!" என்றாள் ஓல்வென். "அடுத்த தடவை உன்னை முதல் பேரா போட வைக்கலைன்னா நான் ஓல்வென் இல்லை. நீ மனசு விடாதடி. உன்னை எனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றாள் மனோன். "நிக்கிறியாடின்னு என்கிட்டயும் நீ கேக்கலை. கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

கோட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தாமலே போனாள். ஓல்வென் வாசல் வரை ஓடினாள். தெருவில் எல்லா ஜன்னலிலும் ஆட்கள் இருந்தார்கள், எல்லாரும் அவளைப் பார்த்து அன்பாகக் கையசைத்தார்கள்.