அறியாமல் அமுக்கிய பட்டன்

“அந்த இடத்தை இன்னொரு வாட்டி படி.”

“அண்ணி, இதோட நாலாவது வாட்டி.”

“டாக்டருங்க கிறுக்கலையே படிச்சு மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ நீ. அச்சடிச்ச எழுத்தைப் படிக்க என்ன வலிக்குது?”

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் பெருமூச்சு விட்டபடி காகிதத்தை மறுபடி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகள் மேசையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. உள்ளறையிலிருந்து குறட்டைச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

காகிதத்துக்கு உரியவளான அண்ணி எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக உருளை இயந்திரத்தில் விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். போன வியாழக்கிழமை அவள் சிவப்பு பட்டனை அமுக்கி இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். உருளை கொதிக்கக் கொதிக்க நின்றதில் உள்ளே இருந்த விரிப்பு கருகி, உருளையின் உறையும் கருகிப்போனது. அரைநாள் வேலை நின்றது. அறுவை சிகிச்சை அறைக்குப் போகவேண்டிய விரிப்புகள் மூன்று மணி நேரம் தாமதம். அதற்கான இங்கிலீஷ் அறிக்கைதான் இது. நாளைக் காலை அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“‘ஊழியர் அன்விட்டிங்லி அவசர பட்டனை அமுக்கிவிட்டார். நடவடிக்கை தேவையில்லை.’ அவ்வளவுதான். சந்தோஷமா போட்டுட்டு வாங்க.”

“அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?”

“தெரியாமன்னு அர்த்தம்.”

“தெரியாமன்னா? கை தவறிப் பட்டுடுச்சுங்கிறதா?”

வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் நாத்தனாருக்குப் பசி தூக்கம் மறந்துவிடும். நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டாள்.

“கை தவறினா அது வேற. இது, செய்யிறது என்னன்னே அறியாம செய்யிறது. ஒருத்தன் தெருவில வழி கேக்கிறான். நீங்க நல்ல மனசோட வழி சொல்றீங்க. அவன் திருடன். நீங்க திருடனுக்கு அன்விட்டிங்லி வழி காட்டிட்டீங்க. வாய் சொல்லிச்சு, ஆனா என்ன சொல்றோம்னு மனசுக்குத் தெரியாது.”

“அப்போ போன வாரம் டீயில ரெண்டு தரம் சர்க்கரை போட்டேனே?”

“அது மறதி.”

“உங்கண்ணன் குறட்டை?”

“கிட்டத்தட்ட சேர்த்துக்கலாம்.”

“என் பிறந்தநாளை மறந்தது?”

“அது பழக்கம் அண்ணி. பதினாறு வருஷமா மறக்கிறதுக்கு இங்கிலீஷ்ல இன்னும் வார்த்தை வரலை.”

உள்ளறையில் குறட்டை ஒரு நொடி நின்று, பிறகு ஒன்றும் கேட்காதது போலத் தொடர்ந்தது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணியின் சிரிப்புதான் முதலில் அடங்கியது.

“அப்போ நான் பட்டனை அமுக்கினது இதுல சேராது.”

“ஏன்?”

“பக்கத்துல நின்னா பாரு, ரேடியோன்னு சொல்வோமே, அவ சட்டைக்கை விரிப்போட சேர்ந்து உள்ள போச்சு. பாத்துட்டுத்தான் அமுக்கினேன். நிறுத்தினா துணி கருகும்னும் தெரியும்.”

“ஐயோ! இதை அங்க சொன்னீங்களா?”

“சொன்னேன். சூப்பர்வைசர் தலையாட்டிக் கேட்டுக்கிட்டார். அப்புறம் இந்தக் காகிதம் வந்துச்சு.”

“ரேடியோக்கா சாட்சி சொல்ல மாட்டாங்களா?”

“நீளக் கை வச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்ததே அவ தப்பு. ஊர்க்கதையெல்லாம் பேசுறவ மூணு நாளா மூச்சு விடலை.”

நாத்தனார் காகிதத்தைத் தடவிக் கொடுத்தாள். “அப்போ இந்த வார்த்தை எல்லாருக்கும் நல்லதுதானே. அவங்களையும் காப்பாத்துது, உங்களையும் காப்பாத்துது.”

அண்ணி எழுந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். உருளையின் வாயருகே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். கனமான போர்வை பட்டாலும் நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை நின்றுநின்று எல்லோருக்கும் வெறுத்துப்போய், மூன்று வாரத்துக்கு முன் ஒரு கிழிந்த விரிப்பிலிருந்து துண்டு கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் தட்டுகளைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

“கட்டினது சூப்பர்வைசர். அவர் முடிச்சுப் போடுறப்ப கம்பியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். அது அன்விட்டிங்லியா?”

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நாத்தனாருக்கு ஆசை.

“இல்லை அண்ணி.”

“தெரியாம அமுக்கினேன்னு எழுதிட்டா, எதுக்கு அமுக்கினேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கலைன்னா கம்பி மேலேயே தொங்கும். அடுத்த தடவை நான் வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னா?”

மறுநாள் காலை, மாடியில் இருந்த சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குள் போய் நின்றாள். அவர் அவளைவிட எட்டு வயது சின்னவர். போன வருடம் அவள் மகள் காய்ச்சலில் கிடந்தபோது நான்கு நாள் அவளுக்குப் பதிலாக உருளையில் நின்றவர். அந்த மனிதரைத்தான் இப்போது இக்கட்டில் மாட்டப்போகிறாள்.

“படிச்சீங்களாக்கா?”

“படிக்கச் சொல்லிக் கேட்டேன் சார்.”

“உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராத மாதிரி எழுதியிருக்கேன். அந்த ஒரு வார்த்தைக்கே அரைமணி நேரம் யோசிச்சேன் தெரியுமா?”

“நல்ல வார்த்தைதான் சார். ஆனா எனக்குப் பொருந்தலை. தெரிஞ்சுதானே அமுக்கினேன்.”

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “அந்த வார்த்தையை எடுத்தா மேல இருக்கிறவங்க அடுத்து எங்க வருவாங்க தெரியுமா? கம்பி ஏன் வேலை செய்யலை, யார் கட்டினதுன்னு வருவாங்க.”

“ரெண்டு பேருன்னு எழுதுங்க. கட்டினது நீங்க, பிடிச்சது நான். கட்டுறப்பவும் நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.”

அவர் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். அவளும் பார்த்தாள். இயந்திரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அதன் முன்னால் ரேடியோ தனியாக நின்றிருந்தாள். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தாள். மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, கம்பியைக் கட்டியிருந்த அந்த வெள்ளைத் துணித்துண்டு.

கையெழுத்துப் போடாத காகிதத்தை அவர் மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பேனாவை வைத்தாள்.

“காலையில நானே அவிழ்த்துப் பாத்தேன் சார். சூட்டுல முடிச்சு இறுகிப்போச்சு, நகம் உள்ள போகலை. ஒரு நிமிஷம் கத்தரிக்கோலோட கீழ வாங்களேன். இந்தத் தடவை நீங்க கம்பியைப் பிடிச்சுக்குங்க, நான் வெட்டுறேன்.”