சீசனுக்குள்ள முடிச்சிடலாம்மா

வெங்கடம்மான்னா வாய்க்காரின்னு மத்தூர்ல எனக்கொரு பேரு இருக்கு. கத்தாம என்ன பண்றது? மாங்கூழ் ஃபேக்டரி நடத்திப் பாருங்க, தெரியும். சீசன்ல கரண்ட் போய், கூழ் பாதிக் கொதியில நின்னா அவ்வளவுதான், மொத்தத்தையும் குழியில கொட்டணும். அதைக் கொட்டறப்ப வயிறு எரியும். அதனாலதான் ஃபேக்டரிக்குப் பின்னாடி இருக்கற கொல்லையில பேட்டரியோட சோலார் போட இறங்கினேன்.

ஓசூர் கம்பெனியிலிருந்து ஸ்டெபின்னு ஒரு இன்ஜினியர் வந்தான். "சீசனுக்குள்ள முடிச்சிடலாம்மா"ன்னான். பேனல் தாங்கற கம்பம் நட தோண்டினா பாறை. துளை போடற மிஷினுக்குத் தனிச் செலவு, அந்த சீசன் போச்சு. அடுத்த வருஷமும் அதே வாய், அதே பேச்சு. அந்தத் தடவை கரண்ட் ஆபீஸ் சேங்ஷன் இழுத்தடிச்சு, அதுக்குள்ள பேட்டரி விலை ஏறிடுச்சு. பழைய குருடி கதவத் திறடி கதைதான்.

என் வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன் அதிகம் பேச மாட்டார். பேசினா மாத்த மாட்டார். "இன்னொரு தடவை அவன் சொல்ற தேதி பொய்யாச்சுன்னா, கொல்லையை பிளாட் போடறவனுக்குக் குடுத்துடுவேன்"னுட்டார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. கொல்லை போனா சோலார் போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் கூழைக் கொட்டினா ஃபேக்டரியையே இழுத்து மூட வேண்டியதுதான்.

மாசியில ஸ்டெபின் மூணாவது பிளானோட வந்தான். நான் அப்ப ஒரு தோப்புல பூ பாத்துக்கிட்டிருந்தேன். எங்க பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே விலை பேசிடுவோம். பிளானைப் பிரிச்சா, மறுபடியும் "இந்த சீசனுக்குள்ள". எனக்கு வந்துச்சே கோவம்!

"ஏன் தம்பி, இந்த மரத்துல எவ்வளவு தேறும்?"

அண்ணாந்து பாத்தான். "பூ கொட்டிக் கிடக்கே, லாரி நெறைய வரும்மா."

"வரும், வரும்! தத்துப்பூச்சி தின்னது போக, காத்துல உதிர்ந்தது போக, ஆலங்கட்டி அடிச்சது போக என்ன மிஞ்சுமோ அதுக்குத்தான் நான் விலை சொல்லுவேன். நீ பூவையெல்லாம் பழமா எண்ணி பிளான் போட்டுக்கிட்டு வர்றே. ரெண்டு வருஷமா அதுக்குத் தலையாட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவன் முகம் சுண்டிப்போச்சு. "உள்ளதைப் போட்டா எங்க மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டாரும்மா. நீங்களும் வேற கம்பெனிக்குப் போயிடுவீங்க. முதல்ல வேலை ஆரம்பிக்கட்டும்னு எல்லாருமே செலவையும் நாளையும் குறைச்சுத்தான் போடறோம்."

"ஆயிரம் பொய் சொல்லி முடிக்க இதென்ன கல்யாணமா? பாறை, சேங்ஷன், விலையேத்தம் எல்லாத்தையும் கழிச்சு, மிஞ்சறதைச் சொல்லு."

மரத்தடியிலேயே உக்காந்து திருப்பிப் போட்டான். செலவு எகிறிச்சு. தேதி இந்த சீசனைத் தாண்டி அடுத்த வருஷத்துல போய் விழுந்துச்சு. மேனேஜர் முறைச்சாராம். நான் போன் போட்டுக் கத்தினேன், கையெழுத்து விழுந்துச்சு.

ஸ்டெபினையும் கூட்டிக்கிட்டுப் போய் வீட்டுக்காரர்கிட்ட அதைக் காட்டினேன். நிதானமாப் படிச்சார்.

"இந்த வருஷம் வராதா?"

"வராதுங்கய்யா"ன்னான் ஸ்டெபின்.

"இப்பதான்டா நீ நெசம் பேசறே"ன்னார் அவர். என் பக்கம் திரும்பி, "இந்த சீசனுக்கு ஜெனரேட்டர் வாடகைக்குச் சொல்லிடு"ன்னுட்டு எழுந்து போனார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வேலை அப்படி ஒண்ணும் சுலபமா நடக்கல. பாறையும் வந்துச்சு, சேங்ஷனும் இழுத்துச்சு. ஆனா அதெல்லாம் கழிச்சதுதானே! அடுத்த வருஷம் மரம் பூக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

வைகாசியில ஒரு மதியம். வாசல்ல லாரி வரிசை, உள்ளே கூழ் கொதிச்சுக்கிட்டிருக்கு. வீட்டுக்காரர் கடைத்தெருவிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஊர் முழுக்க கரண்ட் இல்ல! கூழ் போச்சா?"

நான் உள்ளே கையைக் காட்டினேன். நின்னு பாத்தார். மிஷின் பாட்டுக்கு ஓடுது, பொண்ணுங்க பாட்டுக்குப் பழம் கழுவிக்கிட்டிருக்காங்க. கூழ் தீயலையான்னு மூக்கை உறிஞ்சிப் பாத்தார். அப்புறம் செல்லை எடுத்து பிளாட்காரனுக்குப் போட்டார்.

"யோவ், அந்தக் கொல்லை விக்கறதுக்கில்ல... என்னது? சத்தத்துல ஒண்ணும் கேக்கலியா? கேக்காதுய்யா. எங்க ஃபேக்டரி ஓடுது!"