நேராக வைத்த எலும்பு

பொன்னுதுரைக்குக் கோணல் ஆகாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் சுவரில் சரிந்திருக்கும் சாமி படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். முடிவெட்டும் கடையில் கண்ணாடி ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால் பாதி வெட்டில் எழுந்துவிடுவார். மைத்துனன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்று பந்தல் காலைப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்த மனுஷன் இவர்தான். "எல்லாரும் அட்சதை போட்டாங்க, இவரு மட்டம் பாத்தாரு," என்று அவர் மனைவி சந்திரமதி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பகலில் தவுக்கே என்று அழைக்கும் சீன முதலாளி ஒருவரின் கடையில் அலமாரியும் கட்டிலும் செய்வது அவர் பிழைப்பு. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மலாக்காவின் காஜா பேராங்கில், வீட்டு வாசல் நடைபாதையான அஞ்சடியில் கித்தார் செய்வது அவர் பைத்தியம். மூன்று வருஷத்துக்கு முன் கப்பல்காரன் ஒருவன் கழுத்து ஒடிந்த கித்தார் ஒன்றை ஒட்டித் தரச்சொல்லிக் கடையில் விட்டுப் போனான். பொன்னுதுரை அதை ஒட்டியதோடு நிற்காமல், அதை அங்கம் அங்கமாகப் பழுப்புத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தக் குற்றம் அவர் கண்ணில் பட்டது. வயிற்றுப் பலகையின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டைக்குக் குதிரை என்று பெயர். குதிரையின் முதுகில் மெல்லிய எலும்புப் பட்டை ஒன்று பதித்திருக்கும். அந்த எலும்பு கோணலாக இருந்தது. தடித்த தந்திப் பக்கம் ஒரு நெல் அளவு பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது.

"வெள்ளைக்காரன் வேலையப் பாத்தியா! ஒரு எலும்ப நேரா வெக்கத் தெரியல. இவனுங்க நாட்டவிட்டுக் கெளம்புறதே நல்லது," என்று கடையில் சிரித்தார். தாளில் அதை நேராக்கி வரைந்துகொண்டார்.

பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் கித்தாரில் தந்தியை முறுக்கியதும் கழுத்து முன்னால் மடங்கியது. இரண்டாவதற்கு அடைமழையில் வச்சிரப் பசை காயவே இல்லை, முதுகுப் பலகை கையோடு வந்துவிட்டது. மூன்றாவதற்குக் கப்பல் பெட்டியில் கழித்த பைன் பலகையை இழைத்து முகம் வைத்தார்; வெயிலில் அது நடுவில் பிளந்தது. அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. நாலாவதுதான் பாடியது. அதிலிருந்து பதினொன்றை விற்றிருந்தார். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும், துளை வழியாகத் தெரியும்படி ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்: பொன்னுதுரை, காஜா பேராங், மலாக்கா. வாங்க வருகிறவர்களிடம் முதலில் எலும்பைத்தான் காட்டுவார். "கண்ண வெச்சுப் பாருங்க. நூல் புடிச்ச மாதிரி இருக்கும்." ஊரும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டது.

மலாயாவின் சுதந்திரத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து சேதுராமன் வந்தார். நம் சாமியைக் கும்பிடுகிற குடும்பம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாயில் வருவது மலாய். பொன்னுதுரையும் அவரிடம் மலாயில்தான் பேசுவார். சேதுராமனின் வாத்தியக் குழு சுதந்திர நாளான முப்பத்தோராம் தேதி மாலை பண்டா ஹிலிர் திடலில் வாசிக்கப் போகிறது. பாதிப் பாட்டில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, அவர் ஒருவரே கித்தாரில் மேலே ஏறி வாசிக்க வேண்டும். அதற்காகச் சொல்லிவைத்த கித்தார் தயாராக இருந்தது. ஊரே கூடும் இடத்தில் தன் கித்தார் ஒலித்துவிட்டால் அலமாரி வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று பொன்னுதுரை கணக்குப் போட்டிருந்தார்.

சேதுராமன் கழுத்தின் கீழ்க் கட்டங்களில் வாசித்தார். முகம் மலர்ந்தது. "பாகூஸ்," என்று மெச்சினார். பிறகு விரல்கள் கழுத்தில் மேலே ஏறின. நின்றன. மறுபடி ஏறின. மறுபடி நின்றன.

"சும்பாங்," என்றார் மெதுவாக. சுருதி சேரவில்லை என்று அர்த்தம்.

"புதுத் தந்தி. இழுத்துக்கிட்டு இருக்கும்," என்றார் பொன்னுதுரை.

சேதுராமன் ஒரு தந்தியை விரல் வைக்காமல் திறந்து மீட்டினார். அதையே பாதியில், கழுத்தில் பதித்த உலோக மெட்டுகளில் பன்னிரண்டாவதில் அழுத்தி மீட்டினார். இரண்டும் ஒரே சுரமாக நிற்க வேண்டும். மேலே உள்ளது ஒரு மயிரிழை தூக்கலாக நின்றது. தடித்த தந்தியில் இன்னும் தூக்கல். இதுவரை கித்தார் வாங்கியவர்கள் பெரும்பாலும் பாட்டுக்குத் தாளம் போடுகிறவர்கள், மூன்றாவது மெட்டைத் தாண்டாதவர்கள். அதனால் யாரும் வந்து சொல்லவில்லை. பொன்னுதுரைக்கு இப்போது காதில் விழுந்துவிட்டது. ஒருமுறை விழுந்தால் பிறகு காதை விட்டுப் போகுமா?

அளவுகோலை எடுத்து அளந்து காட்டினார். "பாருங்க, சரி பாதி. நூல் பிசகல."

"அளவு சரிதான்," என்றார் சேதுராமன். "சத்தம் சரியில்ல. வியாழக்கிழமை வர்றேன். ஆகலைன்னா கடைக் கித்தார் ஒண்ணை இரவல் வாங்கிக்கிறேன்."

அதற்குப் பிறகு பொன்னுதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெட்டுகளைப் பிடுங்கி மறுபடி அடித்தார். கழுத்தை இழைத்தார். தவுக்கே கடையில் ஒரு அலமாரிக் கதவைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். சோற்றில் கை வைத்தவர் எழுந்து போய் ஒரு தந்தியை மீட்டிவிட்டு வந்து உட்காருவார், மறுபடி எழுந்து போவார். "ஒரு எடத்துல குந்துங்களேன். ஒங்களப் பாத்தா எனக்குத் தல சுத்துது," என்றாள் சந்திரமதி. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விற்ற கித்தார்களும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் மூச்சுவிட முடியவில்லை.

முதலில் செமாபோக்கில், குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி கலியாணசுந்தரம் வீடு. கிராணி வேலைக்குப் போயிருந்தார்; மகள் சீதாதான் கதவைத் திறந்தாள். கான்வென்டில் படிக்கும் அவளுக்காக வாங்கிய கித்தார், பொன்னுதுரை செய்ததில் நாலாவது, சுவரில் தூசி படிந்து தொங்கியது. எடுத்து மேல் மெட்டில் அழுத்தி மீட்டினார். அதே தூக்கல்.

"இப்ப வாசிக்கிறதில்லயாம்மா?"

"விட்டுட்டேங்க. நான் புஸ்தகம் பாத்து மேல வாசிப்பேன், எப்பவும் தப்பாவே கேக்கும். ஒங்க கித்தார்ல குத்தமில்லைங்க, என் கைதான் சரியில்ல. அப்பாவும் அதான் சொல்றாரு."

குற்றம் கித்தாரில்தான் என்று பொன்னுதுரை சொல்லவில்லை. கித்தாரைத் துடைத்துப் பழையபடி ஆணியில் மாட்டி, அது நேராகத் தொங்குகிறதா என்று வேறு பார்த்துவிட்டு வெளியே வந்தார். தன்னை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து ஜாலான் பெண்டஹாரா தெரு. ஜவுளிக் கடையில் துணி கிழிக்கும், அவரிடம் கித்தார் வாங்கிய தியாகு அவரைக் கண்டதும் முகம் வெளுத்தான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கீழ போட்டுட்டேன்," என்று பின்கட்டிலிருந்து கித்தாரை எடுத்து வந்தான். விழுந்ததில் குதிரையின் விளிம்பு பெயர்ந்து எலும்பு போய்விட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை நறுக்கி, அந்த இடத்தில் தன் இஷ்டத்துக்கு ஒட்டியிருந்தான். அதுவும் எப்படி? தடித்த தந்திப் பக்கம் பின்வாங்கி, கோணலோ கோணல்.

பொன்னுதுரைக்கு இரத்தம் தலைக்கேறியது. "இது கித்தாரா, செருப்பாடா?" அந்தக் காம்பைப் பிடுங்கி எறியக் கை போனது. போன கை தந்தியில் பட்டது. இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒருமுறை என்று பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டினார்.

சுத்தமாக இருந்தது. மறுபடி மீட்டினார். ஆறு தந்தியையும் மீட்டினார். கீழேயும் மேலேயும் ஒரே சுரம். தடித்த தந்தியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டு ஏறிவிடுகிறது; அதை ஈடுகட்டத்தான் அந்தப் பக்கம் எலும்பு பின்னால் போயிருக்கிறது. கப்பல்காரனின் கித்தார் அவர் கண்முன் வந்து நின்றது. அதைச் செய்தவன் குடித்துவிட்டுச் செய்யவில்லை, தெரிந்து செய்திருக்கிறான். தெரியாதவன் தான்தான். மூன்று வருஷமாக ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டியது எதை? பொன்னுதுரை துணிக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, தண்ணி வேணுமா?" என்றான் தியாகு.

வீட்டுக்கு வந்து சந்திரமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சிரிக்கவில்லை. "சரி, கோணலா வைங்க," என்றாள், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

சொல்வது சுலபம். பென்சிலை வைத்தால் கை தானாக நேர்கோடு போட்டது. அழித்தார்; மறுபடி நேர்கோடு. கடைசியில் கோடே போடாமல் எலும்பைத் தளர விட்டு, மீட்டிப் பார்த்து நகர்த்தி, நகர்த்தி மீட்டி, காது சொன்ன இடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தைப் பார்க்கவே அவருக்குப் பல் கூசியது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் உளியைத் தட்டினார்.

வியாழக்கிழமை சேதுராமன் மேலே ஏறி வாசித்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். கித்தாரை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் தேதி மாலை திடலில் எள் போட இடமில்லை. பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை மெர்டேக்கா, மெர்டேக்கா என்று விடுதலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள். விளக்குச் சரங்கள் எரிந்தன. மேடையில் மற்ற வாத்தியங்கள் ஓய, சேதுராமனின் கித்தார் மட்டும் மேலே போனது. சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் போனது. கூட்டம் ஆரவாரித்தது. மேடை ஓரத்தில் நின்ற பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடேயப்பா, நம்ம பொன்னுதுரை!" பின்னாலிருந்து கிராணி கலியாணசுந்தரம் தோளைத் தட்டினார். பக்கத்தில் சீதா நின்றிருந்தாள். "ஆனா ஒண்ணு. மேடைகிட்டப் போய்ப் பாத்தேன், எலும்பு கோணலா இருக்கே? அந்தச் செட்டிதான் கையை வெச்சுக் கெடுத்திருப்பான். நம்ம வீட்டுது இன்னும் நூல் புடிச்ச மாதிரி இருக்கு, தெரியுமா?"

சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவரிடம் கித்தார் வாங்கியவர்கள். பொன்னுதுரை சும்மா தலையை ஆட்டினால் போதும், பெயர் தப்பித்துவிடும். பழியைச் சேதுராமன் சுமந்துகொண்டு போவார். பொன்னுதுரை கால் மாற்றி நின்றார். வேட்டி நுனியைத் திருகினார். செமாபோக்கில் சீதாவிடம் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

"அவரு கெடுக்கலைங்கய்யா," என்றார். பதற்றத்தில் குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "கோணலா வெச்சது நானு. அதான் சரி. இத்தன நாளா நேரா வெச்சதுதான் தப்பு. நான் வித்தது எல்லாமே தப்பு. மேல போனா ஒண்ணுலயும் சுருதி சேராது."

கிராணி சிரித்துக்கொண்டிருந்த முகத்தோடு அப்படியே நின்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"என்னய்யா சொல்ற? ரெண்டரை வருஷமா இந்தப் புள்ளயத் திட்டிக்கிட்டு இருக்கேனேய்யா. கை விளங்கல, காது விளங்கலன்னு..." மகள் பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை.

எலும்பைப் பெயர்த்து வைக்கப் பொன்னுதுரைக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த ரெண்டரை வருஷத்தை எந்த உளியால் பெயர்ப்பது?

"ஒன் காது சரியாத்தாம்மா கேட்டிருக்கு," என்றார் சீதாவிடம். "தப்புன்னு ஒனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். நாளைக்குக் காலையில, பசியாறறதுக்கு முன்னாடி வந்து எலும்ப மாத்தி வெச்சுடுறேன்."

சீதா இடது கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.