நேற்றா, இன்றா

பிந்திப் போகிற நோயாளியை ஆஸ்பத்திரியில் ஓரமாகப் போட்டுவிடுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆட்களை நான் எப்போதுமே நம்பினதில்லை; என் சந்தேகத்தை மட்டும் நன்றாக நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம். மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த என் பெண்சாதி இலட்சுமி, நெஞ்சில் கையை வைத்தாள்.

"கல்லத் தூக்கி வச்ச மாதிரி அமுக்குதுங்க. இடது கையெல்லாம் இழுக்குது."

"வாய்வு" என்றேன். "பகல் பூரா பலாக்கொட்டைய தின்னா அமுக்காம என்ன செய்யும்?"

இஞ்சி தட்டிச் சுடுதண்ணீர் கொடுத்தேன். பிறகும் முனகினாள். ஏப்பம் வந்தால் சரியாகும், பேசாமல் படு என்று ஏசினேன். பேசாமல்தான் படுத்தாள். விடியும்போது வாந்தி எடுத்தாள். சேலை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நிமலன் வந்தான். த்ரீவீல் ஓட்டுகிறவன்.

"மாமா, இதுவா வாய்வு? மூஞ்சியப் பாத்தீங்களா?"

"நீ என்ன பெரிய டொக்டரா?"

"டொக்டர் இல்ல. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போற வழியில செத்த ஆளை ஏத்தியிருக்கேன். மாமியத் தூக்குங்க."

மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு அவன் வண்டியை நிறுத்தப் போனான். இலட்சுமியைப் பார்த்ததும் நேரே அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ஒரு நர்ஸ் மிஸ் குளிசையை வாயில் போட்டுக் கடித்து மெல்லச் சொன்னாள். டொக்டர் இளம் பெண், தமிழ் தெரியாது. தாளைப் பார்த்தவுடன் அவள் முகம் மாறியது. இதயத்துக்குப் போகிற குழாய் அடைத்திருக்கிறது என்று சிங்களத்தில் என்னிடம் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"நோவு எப்போது தொடங்கியது?"

நேற்று என்று சொன்னால், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்பாள். பிந்தி வந்த கேஸ் என்று ஒதுக்கிவிடுவாள்.

"அத உதே" என்றேன். இன்று காலை.

டொக்டர் தலையாட்டினாள். இரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது என்றாள். புதிதாக அடைத்திருந்தால் நன்றாக வேலை செய்யும். நேரம் போயிருந்தால் பயன் குறைவு, உள்ளே இரத்தம் கசிகிற ஆபத்து மட்டும் குறையாது. முன்பு மூளையில் இரத்தம் கசிந்ததா, வயிற்றில் புண் இருந்ததா என்று அவளிடம் கேள் என்றாள். மிஸ் மருந்தை எடுக்கத் திரும்பினாள்.

நான் குனிந்து கேட்டேன். இலட்சுமி என்னைத் திருப்பிக் கேட்டாள்.

"'அத'ன்னா சொன்னீங்க?"

அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் எங்கள் தோட்ட லய வீடுகளுக்குப் பாண் ரொட்டி கொண்டுவருகிற சிங்களவனிடம் "அதவா, ஈயேவா" என்று கேட்காமல் ஒரு நாளும் வாங்கமாட்டாள். இன்றையதா, நேற்றையதா. அந்த இரண்டு சொல்லில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. நான் ஏமாற்றப் பார்த்தேன்.

"நேத்துன்னு சொன்னா ஏசுவாங்கன்னு பயந்தீங்களா?" மூச்சு வாங்கியது. "சரி விடுங்க. 'அத'ன்னே இருக்கட்டும்."

என்னைக் காப்பாற்றுகிறாளாம். தன் நெஞ்சு அடைத்துக் கிடக்கும்போது.

மிஸ் ஊசியோடு வந்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"டொக்டர் நோனா, அத நெவே. ஈயே. ஈயே ஹவச." இன்று இல்லை. நேற்று மாலை. "நான் பொய் சொன்னேன்."

டொக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு, அவள் என் கன்னத்தில் அறைந்திருந்தாலே தேவலை. ஏசவில்லை. ஏச அவளுக்கு நேரம் இல்லை. ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு டெலிபோனைத் தூக்கினாள். நோவு இன்னும் நிற்கவில்லை, கண்டிக்கு அனுப்புகிறேன், கை இரத்தக் குழாய் வழியாகக் கம்பி விட்டு அடைப்பைத் திறக்க வேண்டும் என்று அங்கே பேசினாள். ஓரமாகப் போடவில்லை. எல்லாரும் முன்னையைவிட வேகமாகத்தான் ஓடினார்கள்.

அம்புலன்ஸில் கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். நான் காலைத் தூக்கி வைத்தேன்.

"நீங்க வேணாம்" என்றாள் இலட்சுமி. அதற்குள் வந்து நின்ற நிமலனைக் காட்டினாள். "தம்பி, நீ ஏறு. அங்கயும் கேப்பாங்க. கேட்டதுக்குக் கேட்டபடி சொல்ல ஒரு ஆள் வேணும்."

நிமலன் என் முகத்தைப் பார்க்காமல் ஏறினான்.

ஆஸ்பத்திரி மதிலோரம் உட்கார்ந்தேன். வெயில் ஏறி, இறங்கவும் தொடங்கியது. போன் அடித்தது.

"மாமா, அடைப்பைத் திறந்துட்டாங்க. இதயத்துல கொஞ்சம் செத்துப் போச்சாம். நேத்தே வந்திருந்தா அதுவும் மிஞ்சியிருக்குமாம். இந்தாங்க, மாமி பேசணுமாம்."

அவள் குரல் மெல்லிசாகக் கேட்டது.

"ஆட்டை அவுத்துக் கட்டினீங்களா?"

"இல்ல. இன்னும் வீட்டுக்குப் போகல. ஆஸ்பத்திரி வாசல்லதான் கெடக்கேன்."

"அது காலையிலருந்து பசியில கத்திக்கிட்டு நிக்கும். போங்க."

நேற்றைப் பற்றியோ என் பொய்யைப் பற்றியோ ஒரு சொல் கேட்கவில்லை. ஏசியிருந்தாலாவது எழுந்து போயிருப்பேன்; இப்போது எழ முடியவில்லை.