முறைக்காரனின் நங்கூரம்

வுனிதாவா தீவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் தரைவினி. தலைநகர் சுவாவில் கடலுயிர்ப் படிப்பு முடித்துத் திரும்பியவள், புயலில் நொறுங்கிய பவளத் திட்டில் எட்டு மாதமாக மூழ்கி மூழ்கி, விரல் நீளத் துண்டுகள் அறுநூறை நட்டு வைத்திருந்தாள். படகுகள் அங்கே நங்கூரம் போடாதிருக்க ஒரு மஞ்சள் மிதவையும் கட்டினாள். எல்லாப் படகும் மிதவையில் கயிறு கட்டியது, இசிகேலியின் படகைத் தவிர.

இசிகேலி வாராவாரம் பயணிகளை ஏற்றி வரும் நாசோலோ தீவுக்காரன். இரண்டு தீவுக்கும் குலதெய்வம் ஒன்று என்பதால் கேலிமுறை. அவன் இவர்களை வாய்க்கு வந்தபடி வையலாம், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். இவர்களும் அவனை அப்படியே. கோபம் மட்டும் கூடாது. முகம் சுளித்தவர் ஊருக்கே அவமானம்.

தரைவினிக்கோ கோபம் மூச்சு மாதிரி.

போன வாரம் அவன் நங்கூரம் நாற்பது துண்டுகளை நசுக்கியது. இன்றும் வந்தான். மிதவையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்க நங்கூரத்தைத் 'தொப்'பென்று போட்டான். பயணிகளைக் கரையில் இறக்கிவிட்டு நேராக அவள் வீட்டுக்குள் வந்து, கிழங்குப் பானையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னடி பட்டதாரி, கிழங்கு வேகவே இல்ல. இதத்தான் நாலு வருசம் படிச்சியா?"

"மிதவை எதுக்குடா கட்டியிருக்கேன், கிழட்டு ஆமை?"

"அது மிதவையா? உங்கப்பன் தொப்பை மிதக்குதுன்னுல்ல நெனச்சேன்!"

அப்பா நெதனி விழுந்து விழுந்து சிரித்தார். மகளின் மூக்கு விடைப்பதைக் கண்டதும் அவள் காதருகே குனிந்தார். "சிரிடி. சிரிச்சுத் தொலை. மானம் போகுது."

"என் பவளம் போகுதுப்பா!"

"போனா? அவன் முறைக்காரன், அவனுக்கு உரிமை இருக்கு."

"அப்ப எனக்கு?"

நெதனி தலையைச் சொறிந்தார். "உனக்கும் இருக்கு."

அவள் குறடை எடுத்துக்கொண்டு தோணியைத் தள்ளினாள். முதலில் அவன் படகை மிதவையில் இறுக்கிக் கட்டினாள். பிறகு மூழ்கினாள். ஏழு துண்டுகள் முறிந்து கிடந்தன. அங்கேயே, கடலடியில், இசிகேலியின் ஏழு தலைமுறையையும் வைதாள். குமிழிகள்தான் மேலே போயின. முறை கெடவில்லை.

நங்கூரத்தைக் கழற்றித் தோணியில் ஏற்றி வந்து, அவன் காலடியில் போட்டாள்.

"எடுத்துக்கிட்டேன்."

இசிகேலியின் வாய் கிழங்கோடு நின்றது. போன மாதம் வாங்கிய நங்கூரம். வாசலில் பாதி ஊர் கூடி அவன் நெற்றியையே பார்த்தது, ஒரு சுருக்கமாவது விழாதா என்று.

அவன் பல்லைக் காட்டினான். அதைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

"நல்ல... நல்ல நங்கூரம்டி அது."

"தெரியும். அதான் எடுத்தேன்."

"அடுத்த வாரம் நான் எப்படி நிறுத்துறது?"

"உனக்கெதுக்கு கவலை? எங்கப்பன் தொப்பை இருக்கு, கட்டிக்க."

சொல்லிவிட்டு, எந்நேரமும் வேலி தாண்டி ஓடிவிடும் தன் வீட்டுப் பன்றியைப் பிடித்து வந்து, நங்கூரத்தில் கட்டினாள்.