பீம்ராவ் குடித்த கதை

புளியந்தோப்பில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. செத்தவரை அடக்கம் வரைக்கும் கெடாமல் வைக்கிற கண்ணாடி மூடி போட்ட பெட்டி, கரண்ட் இருந்தால் யார் வைத்தாலும் குளிரும். ஆனாலும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் ஜனங்கள் பீம்ராவைத்தான் தேடிக் கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் பெட்டி இல்லை, பீம்ராவ்.

எழவு வீட்டில் ஆம்பிளைகள் என்ன நிலைமையில் இருப்பார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேளக்காரர்கள் வருவதற்குள் மகன் ஒரு பக்கம் சாய்ந்திருப்பான், மருமகன் இன்னொரு பக்கம். செத்த அம்மாவின் காதில், மூக்கில் இருப்பதைக் கழற்றி யாரிடம் கொடுப்பது? பெண்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு பீம்ராவ் கையில் கொடுப்பார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொள்வார். அடக்கம் முடிந்து எல்லோருக்கும் தெளிந்த பிறகு, நாலு பேர் முன்னால் எடுத்து வைப்பார். அந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை. பெண்டாட்டி செத்த அன்றைக்குக்கூடத் தொடவில்லை.

அப்பேர்ப்பட்டவரைத்தான் அவருடைய ஒரே மகள் எழில்மொழி குடிகாரராக்கினாள்.

அவள் கெட்டவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு பெட்டி தூக்கியவள். எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி, யார் வண்டி ஓட்டுவது என்று தொழிலையே அவள்தான் நடத்தினாள். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். கல்லூரித் தோழிகள் கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தார்கள். குளிர் என்றால் செத்தவர்களுக்கு மட்டும்தான் என்று இருந்த வாழ்க்கையிலிருந்து வெளியேற அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. நாட்டிலேயே பெயர்பெற்ற மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் இடம் பிடிப்பது. எழவு வீட்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து படித்தே நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

முதல் வருஷம் நேர்முகத் தேர்வில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அப்பா ஆரம்பித்த தொழில், நான் வளர்த்தேன் என்றாள். ஒருவர் கொட்டாவியை அடக்கினார். இன்னொருவர், குடும்பத் தொழில்தானே என்றார். இடம் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் அண்ணா நகரில் மனோகரன் என்பவரிடம் போனாள். நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர் தொழில். அவள் கதையைக் கேட்டு மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாவு வீட்டுத் தொழில் பிரமாதம்மா. நூறு இன்ஜினியருக்கு நடுவுல உன்னை யாராலயும் மறக்க முடியாது. ஆனா உங்க அப்பாதான் இடிக்கிறாரு."

"எங்க நைனாவா? அவரு தங்கமானவரு சார்."

"அதுதான் பிரச்சனை. தங்கமான அப்பா நடத்துன தொழில்ல நீ என்ன பெருசா பண்ணிட்ட? அவர் குடிச்சே தொழிலை அழிச்சாரு, நீ படிக்கும்போதே தூக்கி நிறுத்துனன்னு வை. உங்க ஏரியான்னதும் அவங்க எதிர்பார்க்கிறதும் அதுதான்."

எழில்மொழிக்கு எரிந்தது. எழுந்து வந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனாள்.

இந்தத் தடவை நேர்முகத் தேர்வில், அப்பா குடித்துவிட்டு வாந்தி எடுத்ததையும் பெட்டிகளை அடமானம் வைத்ததையும் தடையில்லாமல் சொன்னாள். எத்தனையோ வீடுகளில் பார்த்ததுதானே, ஆளை மட்டும் மாற்றினாள். பேராசிரியை ஒருவர் கண் கலங்கி, இப்போது அப்பாமேல் கோபம் உண்டா என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்றாள் எழில்மொழி. எந்த வாய் அதைச் சொன்னதோ தெரியவில்லை, நன்றாகவே சொன்னது. இடம் கிடைத்தது. பீம்ராவ் தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

விஷயம் அதோடு புதைந்திருக்கும். ஆனால் வித்தியாசமான பின்னணியிலிருந்து புதிதாகச் சேரப்போகும் மாணவர்களைப் பற்றிக் கல்லூரி ஒரு வீடியோ எடுத்தது. அப்பா ஊரில் இல்லை என்று எழில்மொழி சொல்லிப் பார்த்தாள். கேமராக்காரர்கள் வந்து இறங்கியபோது, அவர் வாசலிலேயே பினாயில் ஊற்றிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட பையன் ஒருவன் மரியாதையாகவே கேட்டான்.

"ஐயா, குடியை எப்போ விட்டீங்க?"

பீம்ராவ் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இவ பன்னெண்டாவது படிக்கசொல்லோ வுட்டேன்பா. அப்பால தொடல. இவதான் நிறுத்துனா."

"ரொம்பக் குடிப்பீங்களா?"

"கெடைக்கிற வரிக்கும் குடிப்பேன்."

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எழில்மொழி மூலையில் உட்கார்ந்து அழுதாள். பீம்ராவ் பெட்டியைக் கழுவி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"நல்லவேள, இன்னா சரக்குன்னு கேக்கல. பேரு கூடத் தெரியாது எனக்கு," என்றார். பிறகு, "சீட்டுக்கு ஒண்ணியும் ஆவாதில்ல?"

"ஆவாது நைனா."

"அப்ப சரி."

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

நம்ம ஏரியாப் பொண்ணு என்று பையன்கள் அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளினார்கள். எல்லாம் பாசத்தில்தான். புளியந்தோப்புக்காரர்கள் சிரித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு ஆளைத் தெரியும். வீடியோ அங்கேயே நிற்கவில்லை.

கல்லூரிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து போன் வந்தது. பழைய வாடிக்கையான சிவந்தியின் மாமியார் இறந்துவிட்டாள். முன்பு மாமனார் செத்தபோதும் பீம்ராவ் பெட்டிதான். மகன்கள் தண்ணியில் விழுந்து கிடக்க, அவருடைய மோதிரத்தை ராத்திரி முழுக்கப் பையில் வைத்திருந்து கொடுத்தவரும் பீம்ராவ்தான். கடைசியாக ஒரு தடவை என்று எழில்மொழியும் கூட வந்தாள். அவள் பெட்டியை இறக்கும்போதே சொந்தக்காரப் பெண்ணொருத்தி, வீடியோவில் வந்த அக்காதானே என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

உள்ளே சிவந்தி மாமியாரின் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றினாள். பீம்ராவ் வழக்கம்போலச் சட்டைப் பை பட்டனைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். சிவந்தி அவர் முகத்தைப் பார்க்காமல் நகைகளை முந்தானையில் முடிந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதணா. எங்க நாத்தனாரு பேஜாரு புடிச்சவ. வீடியோல நீயே சொன்னத அவளும் பாத்துட்டா. குடிச்ச ஆளு கையில ஏன் குடுத்தன்னு என்னியத்தான் கேப்பா."

நீட்டிய கை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு அவர் அந்தக் கையாலேயே கிழவியின் தலையைத் தாங்கிப் பெட்டியில் சரியாக வைத்தார்.

"அதுக்கின்னாமா. உன்கிட்டயே இருக்கட்டும்."

எங்க நைனா குடித்ததே இல்லை, நான்தான் பொய் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். எழில்மொழிக்கு அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுற்றிலும் ஜனங்கள். போட்டோ எடுத்த பெண்ணின் கையில் இன்னும் போன். ஒரு பொய் புளியந்தோப்பிலிருந்து இங்கே வரும்போது, ஓர் உண்மை இங்கிருந்து கல்லூரிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

பீம்ராவ் அவள் பக்கம் திரும்பினார். அவள் வாய் திறந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ப்ளக்க சொருகுமா," என்றார்.

அவள் குனிந்து சொருகினாள். அவர் சொன்னதற்காகத்தான் பேசாமல் இருந்தோம் என்று காலத்துக்கும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் தடுத்ததும் தன் நெஞ்சு எவ்வளவு லேசானது என்பது அவளுக்குத் தெரியும். அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பெட்டி உறுமிக் குளிர ஆரம்பித்தது. பீம்ராவ் காலிப் பைக்குப் பட்டனை மாட்டிக்கொண்டு, வாசலில் குடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளைத் தாண்டி வண்டிக்குப் போனார். அவர்களில் ஒருவன் நகர்ந்து இடம் விட்டு, பிரியமாக டம்ளரை நீட்டினான்.